வயர் எத்தனை மீற்றர்

"எந்த மண்ணுக்கு?" எண்டு கேட்டான்
களுவாஞ்சிகுடிக் கடைக்காரன்.
கொக்கட்டிச்சோலைக் களி எண்டு வாய் உன்னினது.
காய்ஞ்சால் அலவாங்கையே திருப்பி அனுப்பும் மண்.
நான் கட்டி வந்தது எழுவான்கரையில.

"மணல்," எண்டாள் நேசமலர்.
"கால் வச்சாலே வழி விடும்."

ஆறு கத்தி, சிவப்பு நிறம்,
ஆயிரத்து ஐந்நூறு வாட்.
கைப்பிடியை விடாமல் நிண்டேன்.
நாலு கத்தி போதுமாம்.
பாரமில்லையாம், தானே தூக்குவாளாம்.
மறுகா கேட்டாள்:
"வயர் எத்தனை மீற்றர்?"

பத்து.
குசினிப் பிளக்கிலிருந்து கத்தரிப் பாத்திக்கு
இருபத்திரண்டு.
விடியவே கொடிக்கயிற்றால் அளந்து
முடிச்சும் போட்டிருக்கிறாள்.

பஸ்ஸில் பெட்டி அவள் மடியில்.
வாங்கின மேல்வயர் என் தோளில்,
பதினைந்து மீற்றர்.
வாவிக்கு அங்கால எட்டாது.