ஐந்துக்குள்

பூம்பாறையில் எங்கள் வீட்டுக்குப்
பரணில் மட்டும்தான் சிக்னல்.
புகை பிடித்துத் தொங்கும் பூண்டுக் கொத்துகளுக்கு அடியில்
குப்புறப் படுத்தால் மூன்று கோடு,
இடது கையை ஓட்டோரம் நீட்டினால் நான்கு.

இரவு இரண்டு மணி.
அங்கே மாலை நாலரை.
வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எவரோ
தனக்குச் செய்யப் பிடிக்காததை
வெளியே தூக்கிப் போடும் நேரம்.

முன்பெல்லாம் திரையை இழுத்து இழுத்துப் பார்ப்பேன்,
தண்ணீர் விடாத நாளில்
குழாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல.
இப்போது ஏழு சொற்களைக் கண்ணி வைத்திருக்கிறேன்.
தமிழ். வசனவரி. ஒலிநாடா. அவசரம்.
'தென்னிந்தியா' என்றும் ஒருமுறை வைத்தேன்.
மூன்று நாள் முழுக்கத்
தேங்காய் எண்ணெய் விற்க ஆள் கேட்டார்கள்.
எடுத்துவிட்டேன்.

ஒரு சொட்டு விழும் சத்தம்
புது வேலைக்கு அடையாளம்.
மழைக்காலத்துக்கு அது சரிப்படவில்லை.
ஓடு ஒழுகும்போதெல்லாம்
போனைத் தடவுகிறேன்.

செவ்வாயும் புதனும் பரவாயில்லை.
வெள்ளி இரவு ஒன்றும் வராது, அன்று நான் மனுஷி.
டிசம்பர் கடைசியில் வருவது
'சும்மா ஒரு மாதிரி செய்து காட்டுங்கள்' என்று
நாற்பது பக்கம்.

முதல் இரண்டு வரிதான் அவர்கள் கண்ணில் படும்.
'மதிப்பிற்குரிய ஐயா'வில் அதை வீணடித்த வருஷம் ஒன்று உண்டு.
பிறகு ஒருநாள் இப்படி எழுதினேன்:
உங்கள் காணொளியில் நாலாம் நிமிஷம்
அந்த அம்மா சொல்வது கடுப்பு அல்ல, கடுக்காய்.
அந்த வேலை கிடைத்தது.
அதே தந்திரம் அடுத்த ஆறு பேரிடம் பலிக்கவில்லை.

'விண்ணப்பித்தவர்கள்: ஐந்துக்குள்.'
இலை போட்டாகிவிட்டது,
இன்னும் யாரும் பந்தியில் உட்காரவில்லை
என்று எனக்கு அர்த்தம்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து முதல் பத்து.
ஐம்பதைத் தாண்டினால் கேட்பதில்லை.
ஒவ்வொரு கேள்விக்கும் காசு.

கீழ்த்தெருத் தகர வீட்டில் ஒரு விளக்கு.
எனக்குச் சொட்டு விழுந்ததும் அங்கே எரியும்.
மாடு கன்று போடுகிறதாக்கும் என்று நினைத்தேன்.
வாரத்துக்கு மூன்று தடவையா போடும்?

போன மாதம், கொடைக்கானல் போகும் முதல் பஸ்.
டவர் கண்ணுக்குத் தெரியும் வளைவில்
இரண்டு சொட்டு, ஒரே நேரத்தில்.
என் கை பைக்குள்.
காரட் மூட்டைக்கு அந்தப் பக்கம்
இன்னொரு கை சட்டைப்பைக்குள்.
தகர வீட்டுப் பரமகுரு.

"நீங்களுமா அக்கா?"
"என்ன சொல்லு போட்டு வச்சிருக்க?"
"அவசரம்."
அவனுக்கு எக்செல் ஷீட்டுதானாம்,
என் பக்கம் வரவே மாட்டானாம்.
சொல்லிக்கொண்டே
திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான்.
நானும்தான்.

இருவரும் ஒரு வரி அடிப்பதற்குள்
வளைவு முடிந்து மலை குறுக்கே வந்தது.
கண்டக்டர் சில்லறை கேட்டார்.
மூஞ்சிக்கல்லில் இறங்கியபோது
ஐம்பதுக்கு மேல்.

நேற்றிரவு சொட்டு.
முந்நூறு வரிசை, கிடங்குச் சரக்குக் கணக்கு,
கை நிறையக் காசு.
எனக்குக் கூட்டல்கூட வராது.
கீழ்த்தெரு இருட்டாகவே இருந்தது.

அவன் நம்பர் என்னிடம் இல்லை.
வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.
பரண் விளக்கை அணைத்துப் போட்டேன்.
மறுபடி அணைத்துப் போட்டேன்.
ஐந்துக்குள்.
இன்னொரு தடவை.
எங்கோ நாய் குரைத்தது.
ஐந்து முதல் பத்து.

தகர வீட்டில் வெளிச்சம் வந்தது.
வேலையைப் பார்த்தானோ,
ஒன்றுக்குப் போக எழுந்தானோ.
கொல்லைக் கதவு கிறீச்சிடுமா என்று
மூச்சைப் பிடித்துக் கிடந்தேன்,
இடது கை அப்படியே
நான்காம் கோட்டில்.