பெட்டிக்குச் செருப்பு

தலைமயிரிலும் மெல்லிய பள்ளத்துக்குள்
முள் நடந்து போக வேண்டும்.
கொக்குவிலில், என் அறையில்,
அது நடக்கவில்லை.
விக்கியது.

விடிய ரயில்.
ஒன்பதுக்குத் தவமலர் அக்காவின் மில்:
மதிலுக்கு அந்தப் பக்கம்
மிளகாய், மல்லி, பங்குனியில் ஒடியல்.
இடையிடையே கிணற்று மோட்டர்.
கீழே முழுக்க ஒரே சுண்ணாம்புக்கல்;
ஒருவர் உலக்கை போட்டால்
நாலு வீடு தள்ளி
யாருடையவோ தேத்தண்ணி வட்டம் போடும்.

வயலின் மேலே ஏறும் இடத்தில்
அடியில் ஓர் உறுமல் படுத்திருக்கும்.
சத்தத்தைக் கூட்டினால் அதுவும் எழும்பும்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
மில்லிகிராமில் நிறுக்கிறவருக்கு இது தெரியும்:
தராசு கருங்கல்லின் மேல் இருக்கும்,
ஆரேனும் கதவை அடித்துச் சாத்தினால்
கடைசி இலக்கம் மட்டும் நடுங்கும்.

முதலில் ரெனிஸ் பந்து, பாதி பாதியாய் அறுத்து.
பெட்டி ஒரு பக்கமாய் வழுக்கி
மேசை விளிம்பில் நின்றது.

பிறகு சைக்கிள் ரியூப், அரைக் காற்று,
அதன் மேல் ஒரு கறுப்புக்கல்.
ஸ்ரான்லி வீதிக் கடையில்
சமையலறை மேசைக்கு வெட்டியதில் மிச்சம்.
பெடியன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"என்ன பேர் வெட்ட வேணும்?"
பேர் வேண்டாம், நாலு மூலையும்
மட்டமாய் இருந்தால் போதும் என்றேன்.
அவனுக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

ரியூப் இரவில் மெல்ல மெல்ல இளைக்கும்.
காலையில் பல்லுத் தீட்டமுன்
நான் பம்ப் அடித்தேன்.

ஸ்காபரோவிலிருந்து ரெஜினோல்ட்
நாலு ஜெல் பாதங்கள் அனுப்பினான்,
கோப்பித்தூள் பைக்கெற்றுக்குள் புதைத்து.
அழுத்தினால் உள்வாங்கி
யோசித்து
எழும்புகின்றன.
விலை சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

உறுமல் பாதியானது.
பாதி என்பது
முன்பு கேட்காத மற்றப் பாதியையும்
தேட வைக்கிற அளவு.

மேசைக்காலில் ஸ்டெதஸ்கோப் வைத்துக்
குந்தியிருந்தபோது
ஒடியல் மா கொண்டுவந்த தவமலர் அக்கா
வாசலில் நின்றுவிட்டா.
"என்ன, மேசைக்குக் காய்ச்சலோ?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன்.
கேட்டுவிட்டு
குழாயைத் தன் காதில் மாட்டிக்கொண்டு
தன்னுடைய மில்லைக்
கொஞ்ச நேரம் கேட்டா.

"அதிருறது என்ர மெஷின்.
செருப்புப் போடுறது உம்மட பெட்டிக்கோ?"

ஞாயிற்றுக்கிழமை அலவாங்கு இரண்டு,
அவவின் மருமகன், லொறிக்காரர் இருவர், நான்.
மில்லைத் தூக்கி
பழைய லொறி ரயரை இரட்டையாய் மடித்து
நாலு மூலையிலும் செருகி
புரியாணி முறுக்கினோம்.
இடுக்குகளில் எத்தனை வருசத்து மிளகாய்.
மூன்று நாள் தும்மினேன்.

திங்கள் ஒன்பது மணி.
முள்ளை இறக்கினேன்.
வயலின் ஏறியது. அடியில் ஒன்றுமில்லை.
இல்லை, இருந்தது:
வாசிப்பவர் மூச்சை இழுக்கும் சத்தம்,
ஒரு கதிரை முனகல்,
தூரத்தில் யாரோ தம்ளரைக் கீழே வைக்கிறார்.
எந்த ஊர், எந்த அறை,
தட்டின் நடுவில் பேர் இருந்த இடத்தைக்
கறையான் தின்றுவிட்டது.
தம்ளர் மட்டும் தப்பியிருக்கிறது.

அதற்குப் பிறகு
டுக்.
ஒரு சுற்றுக்கு ஒன்று.
டுக்.
வெளியில் இருந்தல்ல. பெட்டியின் சொந்த அச்சு.
இத்தனை நாள் மில்
அதை மூடிக் காப்பாற்றியிருக்கிறது.

தையல்மெஷின் எண்ணெயோடு நிற்கையில்
மதிலுக்கு மேலால் தவமலர் அக்கா:
"உம்மட பாட்டு எப்படியோ தெரியாது,
மில் பூட்டெண்டு நினைச்சு
ரண்டு பேர் மல்லியோட திரும்பிப் போட்டினம்."

குற்றம் என்னுடையது.
பலகை ஒன்று எடுத்து
சிவப்புப் பெயின்றில் எழுதிக் கொடுத்தேன்:
மில் ஓடுது.

ஓ காய்வதற்குள் டு வழிந்தது.
உள்ளே தட்டை நிறுத்த மறந்திருந்தேன்,
டுக்.