நோட்டக்கல்

சார்வரி வருஷம், தை மாதம்.
மகாராணி போய்விட்டாள் என்று
கோனாபட்டுக்குத் தந்தி வந்தபோது
அவளை நான் கட்டைவிரலால் சுண்டிக்கொண்டிருந்தேன்.
அன்று காலையில் முந்நூற்றுப் பதினேழாவது தடவை.
கல்லில் விழுந்து துள்ளி
'ணிங்' என்றாள்,
உயிரோடு.

நாவன்னா லேனா பெட்டியில்
நாற்பது வருஷமாய்க் காசு நோட்டம் பார்க்கிறேன்.
சுற்றியுள்ள இங்கிலீஷ் எனக்கு எறும்பு வரிசை.
முகம் தெரியும்.
முதலில் கண்டது கிரீடமில்லாத பெண்பிள்ளை,
கூந்தலில் நாடா.
பிறகு முடி ஏறியது, நகை ஏறியது,
கழுத்துக்கு மட்டும் வயசே ஏறவில்லை.
கை மாறி மாறித் தேய்ந்தால்
மூக்குதான் முதலில் போகும்.

சுக்கில வருஷம்
எங்கோ மணலில் கால்வாய் வெட்டிக் கப்பல் விட்டார்கள்.
முதலாளி சாத்தப்பர் படத்தை விரித்து
நகத்தால் ஒரு கீறல் போட்டார்:
"இவ்வளவுதான் ஓய்."
அந்தக் கீறல் வழியே
பர்மா நெல் சீமைக்குப் போயிற்று,
நெல்லோடு எங்கள் வட்டியும் போய்த்
தேக்காகத் திரும்பியது.
மண்டலே விழுந்த மறுவருஷம்
முகப்பில் இருபது தூண்.
அந்த ஊர் ராசாவை மாட்டுவண்டியில் ஏற்றினார்களாம்.
தூண் வந்த வண்டிகளை எண்ணி வாங்கியவன் நான்.

ஜூபிலிக்கு ஊருணிக் கரையெங்கும் அகல்.
பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொரிகடலைப் பொட்டலம்.
கண்ணாடிச் சட்டத்தில் மகாராணி
கூடத்துச் சுவருக்கு வந்தாள்;
பின்னாலேயே ஒரு பல்லி குடிவந்தது.

சொல்லிக்கொண்டே வந்ததில்
நடுவே ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டேன்.

தாது.

டில்லியில் தர்பார் கூட்டி
அவளுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் கட்டிய மார்கழி.
பட்டம் பொறித்த புது ரூபாய்
எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை.
ஒருத்தி வந்தாள், திருமயம் பக்கமாம்.
இடுப்பில் ஒரு பிள்ளை,
சேலையைப் பிடித்தபடி ஒன்று.
முந்தி முடிச்சில் ஒற்றை ரூபாய்.
கழுத்தில் கோத்திருந்ததைக் குண்டு பிய்த்து எடுத்திருக்கிறாள்;
ராணியின் தலைக்கு மேலே வடு.
நெல் வேண்டும் என்றாள்.

சுண்டினேன். 'டொக்.'
மறுபடி. 'டொக்.'
"ஈயம்" என்றேன்.
வாங்கி, அதே முந்தியில்
அதே முடிச்சைப் போட்டுக்கொண்டு போனாள்.

விளக்கு வைக்கிற நேரம்
முதலாளியின் சொந்தப் பை வந்தது.
முதல் காசு 'டொக்.'
அடுத்ததும்.
அதற்கடுத்ததும்.
கல்லைத் திருப்பினேன்.
அடியில் மயிரிழை விரிசல்.

சாலைக்கு ஆள் விட்டேன். ராத்திரி திரும்பியவன்
"சனம் சாரிசாரியாப் போகுது,
பேர் என்னன்னு கேட்டுக் கூப்பிட?" என்றான்.
பேரா?
காசைத்தானே கேட்டு வாங்கினேன்.

கல்லை மாற்றிக் கொடுத்தார்கள்.
சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை.

இன்று கடையடைப்பு.
சின்ன முதலாளி வயிரவன் படத்துக்கு மாலை போடுகிறார்.
அறுபத்து மூன்று வருஷம், ஏழு மாசம் என்று
கணக்கர் விரல் விடாமலே சொல்லிவிட்டார்.
எந்தத் தீவு, எத்தனை மணிக்கு,
கட்டிலைச் சுற்றி நின்றவர் யார் யார்,
எல்லாம் நாளை மறுநாள் பேப்பரில் வருமாம்.
பையில் மிச்சத்தை எண்ணி முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

குண்டு பிய்த்த வடுவோடு வருகிற ரூபாயை
இருபத்து நாலு வருஷமாய்
இரண்டு தடவை சுண்டுகிறேன்.
இதுவரை வந்ததெல்லாம் நல்ல வெள்ளி.
ஒன்றாவது ஈயமாக இருந்திருக்கலாம்.

முந்நூற்றுப் பதினெட்டாவதில் வடு.
உள்ளங்கையில் வைத்தேன், கனத்தது ஒரு தோலா.
கல்லில் போடவில்லை.
"செல்லும், எழுதும்" என்றேன்.
கணக்கர் எழுதாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.