ஓடிய கிலோமீட்டர்

வண்டிக்கு ஒரு புத்தகம் உண்டு.
புறப்பட்ட இடம், சேர்ந்த இடம்,
ஓடிய கிலோமீட்டர், காரணம்,
கடைசியில் என் கையெழுத்து.
படுத்தே கிடப்பவர்களின் வீட்டுக்கு
பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய்.
பள்ளிப்பட்டிலிருந்து ராமிகுப்பம் காலனிக்கு
தரைப்பாலம் வழியே ஒன்பது.

பாலம் என்றா சொன்னேன்?
ஆற்றின் முதுகில் ஊற்றிய சிமென்ட்.
மேலே ஆந்திராவில் அணையைத் திறந்தால்
எங்களிடம் சொல்லிக்கொண்டு வராது தண்ணீர்.

அந்தக் கரையில் ஆறு கட்டில்.
கன்னியம்மாவுக்கு இடுப்பில் புண்,
ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் தொடங்கி
இப்போது என் உள்ளங்கை.
பாவாடைராயன் மூச்சுக்குப் பயந்து
உட்கார்ந்தே தூங்குகிறார்.
சுப்பராயுலுவுக்கு மூளையில் ரத்தம் கட்டி
வலது பக்கம் போனது,
கூடவே தமிழும் போய்விட்டது.
முப்பது வருஷம் கரும்பு எடைமேடையில்
தமிழில் கத்திய மனிதர்.
மிச்சம் இருப்பது வீட்டுத் தெலுங்கு,
அதிலும் பத்துப் பன்னிரண்டு வார்த்தை.
தபித்தாள் சிஸ்டர் நாசரேத்துக்காரர்.
“எங்கே வலிக்குது ஐயா?” என்பார்.
நான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி
“நொப்பி எக்கட?” என்பேன்.
டிரைவர் வேலையில் இது சேராது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
பாலத்தின் மேல் இடுப்பளவு செம்மண் தண்ணீர்,
வேரோடு ஒரு வேலிக்கருவை போய்க்கொண்டிருந்தது.
எதிர்க்கரையில் சுப்பராயுலுவின் மகன்
மூத்திரப் பையைக் கழற்றி எடுத்துவந்து
தூக்கிப் பிடித்து நின்றான்.
சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
“என்ன நிறம்?”
எனக்குத் தெரிந்தவரை
ஆறும் அதே நிறம்.
“காய்ச்சல் இருக்கா, கேளுங்க.”
கேட்டேன்.
கேள்வியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது.
அவன் பையை இன்னும் உயரமாகத் தூக்கினான்.

சுற்றுவழி ஒன்று இருக்கிறது.
நகரி போய்ப் பின்பக்கமாக இறங்கினால்
முப்பத்தெட்டு. அதில் பாதிக்கு மேல் ஆந்திரா.
போன மழைக்குப் போனோம்.
தணிக்கையில் சிவப்பு மையால் எழுதினார்கள்:
‘வெளிமாநிலம். காரணம் ஏற்கத்தக்கதல்ல.’
எண்ணூற்றுச் சொச்சம்
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

சிஸ்டர் கைப்பையைத் திறந்து
மூன்று நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார்.
“டீசல்.”
அவ்வளவுதான் பேச்சு.
புத்தகத்தில் எழுதினேன்:
தரைப்பாலம் வரை. வெள்ளம். திரும்பியது.
பிறகு குனிந்து
மீட்டர் கேபிளைக் கழற்றினேன்.
மணல் லாரியில் இருந்தபோது
முதலாளியை ஏமாற்றக் கற்ற வேலை.
பதினெட்டு வருஷம் கழித்தும்
விரல் மறக்கவில்லை.
சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி
எதையோ ரொம்ப நேரம் பார்த்தார்.

நகரி தாண்டி, கரும்பு டிராக்டர்களின் பின்னால்
வண்டி போனது.
முள் பூஜ்யத்தில் நின்றது.
சோதனைச் சாவடியில் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.
பஞ்சு, கத்திரி, ரப்பர் குழாய், தண்ணீர்ப் படுக்கை.
யார் செத்தது என்று தெலுங்கில் கேட்டான்.
இன்னும் இல்லை என்றேன்.

ஆறு கட்டிலும் முடிய இருட்டிவிட்டது.
கரண்டும் இல்லை.
நான் டார்ச் பிடித்தேன், சிஸ்டர் குழாய் மாற்றினார்.
பை நிறையும் சத்தம் கேட்டு
மகன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான்.

கிளம்பும்போது
சுப்பராயுலு இடது கையால்
என் சட்டை நுனியைப் பிடித்தார்.
“மள்ளி எப்புடு?”

மறுபடி எப்போது.
அடுத்த செவ்வாய் இல்லை, அதற்கடுத்தது.
அதற்குள் அணையை மூடுவார்களா, தெரியாது.
கேபிளை ஒவ்வொரு தடவையும் கழற்ற முடியாது,
டீசல் காட்டிக்கொடுத்துவிடும்.

“என்ன சொல்றார்?” என்றார் சிஸ்டர்,
பையை மூடிக்கொண்டே.

“தண்ணி வேணுமாம்” என்றேன்.

சொம்பில் மொண்டு
ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார்.
என்னையே பார்த்துக்கொண்டு
அவர் அவ்வளவையும் குடித்தார்.