சும்மா பிடித்த பிரேக்

முதலில் மழை பெய்த நாட்களில் மட்டும்தான் கத்தியது.
குமுளி செக்போஸ்ட் தாண்டி இறங்கும் முதல் வளைவில்
ஈரத் தகரத்தில் கரண்டியை இழுத்த மாதிரி.
நான் ரேடியோவைக் கூட்டினேன்.
பின் சீட்டில் அசனத்தம்மாள் டீச்சர்
"வண்டிக்குப் பல் கூசுது" என்றார்.

பன்னிரண்டாம் நாள் வெயிலிலும் கத்தியது.
லோயர் கேம்ப்பில் டீக்கு நிறுத்தியபோது
முன் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்த விமலராணி
ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள்:
"காய்ச்சல்தான். தள்ளிப் போடாதீங்க."

ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
கம்பத்திலிருந்து தினம் நாலு பேர் ஏறி நாலு பேர் இறங்குகிறோம்.
பெட்ரோலுக்குப் பங்கு உண்டு.
பிரேக்குக்கு யாரும் பங்கு பேசியதில்லை,
நான் உட்பட.

ஜின்சிமோள் கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்தாள்.
அறுநூற்று எண்பது.
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
மூவாயிரத்து நானூறு.
முதல் பெட்டியின் பளபள ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன்,
வெள்ளிப்பொடி நகத்தோடு வந்தது.
"அது அப்படி வரான் பாடில்ல சேச்சி"
என்று அவளே உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.
மூன்றாவது செராமிக். சத்தம் போடாது, வீலைக் கறுப்பாக்காது.
கை அதன்மேலேயே இருந்தது எனக்கு.
சத்தம் போடாதது என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை.

"வண்டி மலை இறங்குமோ?"
தினமும்.
"எத்தனை பேர்?"
நாலு. குருவம்மாளின் சாக்கு வரும் நாளில் ஐந்து.
அவள் நடுப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.
"இது மதி."
மதி என்றால் அங்கே போதும்.
எட்டுக் கிலோமீட்டர் இறங்கினால் நிலா.

பெத்தணன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான்.
வெளிப்பக்கத்து பேட் இன்னும் விரல் தடிமன்.
உள்பக்கத்தில் வெறும் தகடு,
அதன் ஓரத்தில் தேய்ந்து மினுங்கும் சிறு நாக்கு.
உடைந்து துருத்திக்கொண்டது என்று நினைத்தேன்.
கத்துறதுக்குன்னே வச்சது அது, என்றான்.
பன்னிரண்டு நாள் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

"பேட்டுல தப்பில்லக்கா. பின்னு இறுகிப்போச்சு.
ஒண்ணுதான் புடிச்சிருக்கு,
இன்னொண்ணு கூடவே சும்மா வந்திருக்கு."
துருவேறிய பின்னை இழுத்து வெளியே எடுத்தான்,
கிழிந்த ரப்பர் உறையோடு.
உறை நூற்று நாற்பது. கிரீஸ் ஒரு விரல்.
நான் என் வீட்டில் யாரையும் நினைத்துக்கொள்ளவில்லை.
கொஞ்சம் நினைத்தேன்.

அவன் அதைத் துடைத்துத் தடவி உள்ளே விட்டு
முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினான்.
வழுக்கியது.
இதைச் செய்யாமல் மூவாயிரத்து நானூறைப் போட்டிருந்தால்
அதுவும் ஒரு பக்கமாய்த்தான் செத்திருக்கும்,
சத்தமில்லாமல்.

சனிக்கிழமை சாயங்காலம் குருவம்மாள்
மடியிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து டேஷ்போர்டில் வைத்தாள்.
நோட்டெல்லாம் ஏலக்காய் வாசம்.
வேண்டாம் என்றேன்.
"இறங்குறது நானுந்தானே" என்றாள்.
மற்ற இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்,
அப்புறம் கைப்பையைப் பார்த்தார்கள்.

புதுசை உடனே மலையில் சோதிக்காதே என்று பெத்தணன் சொல்லியிருந்தான்.
சமதளத்தில் ஐம்பதில் போ, மெல்லப் பிடி,
பத்துக்கு இறக்கு, முழுசாக நிறுத்தாதே,
ஆற விடு, மறுபடி.
ஒரு பதினைந்து தடவை.

ஞாயிறு விடியலில் உத்தமபாளையம் ரோட்டில்
தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்.
ஐம்பது. பிடி. பத்து.
ஐம்பது. பிடி. பத்து.
புதுப் பேட்டின் காய்ந்த வாசம் உள்ளே வருகிறது.
காலுக்கடியில் ஏதோ ஒன்று
இரண்டு கையாலும் பிடிக்கிறது.

பழக்கூடை ஏற்றிய டெம்போ பக்கத்தில் வந்து தலையை நீட்டியது.
"முன்னாடி ஒண்ணுமே இல்லியே,
யாருக்கும்மா பிரேக்கு போடுற?"

பதில் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும்.
ஒன்பது என்று சொல்லிக்கொண்டு
மறுபடி ஐம்பதுக்கு ஏறினேன்.