லாரிக் கணக்கு

அயனாவரத்தில் மின்சாரம் போய் மூன்று மணி நேரம்.
மே மாதத்து மதியம்.
ஃப்ரிட்ஜுக்கு அடியில் என் பழைய லுங்கியை விரித்து
ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறாள் தமயந்தி.
"வாங்க, பாக்கலாம். டிக்கெட் வேணாம்."

போன ஆகஸ்டில்
மருமகன் செலவில் அலாஸ்கா போனோம்.
கப்பலில் எங்களுக்கு ஜன்னல் இல்லாத அறை.
பனிப்பாறை பார்க்கிற அன்று விடியுமுன்பே
சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா,
மேல்தளக் கம்பியில் துணிப்பையை மாட்டி
இடம் பிடித்தாள்,
ரேஷன் கடையில் பிடிப்பதைப் போலவே.
நெருங்கி வந்த வெள்ளைக்காரரிடம்
"ஆள் வராங்க" என்று தமிழில் சொன்னாள்.
அவரும் தள்ளி நின்றார்.

அது எதிரே வந்தது.
மலை என்று சொல்ல முடியாது, சுவர் என்றும்.
நீலம். ஆனால் வானத்து நீலமில்லை.
சொட்டு நீலத்தில் அலசிய வேட்டியின்
மடிப்புக்குள் ஒளிந்திருக்குமே, அது.

இன்ஜினை நிறுத்தினார்கள்.
எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.
நான்தான் உள்ளுக்குள் நிறுத்தவில்லை.
முப்பத்திரண்டு வருஷம் மெட்ரோ வாட்டரில்
லாரி அனுப்பும் மேசையில் இருந்தவன்.
எந்தத் தெருவுக்கு எத்தனை நடை,
எந்தத் தெருவுக்கு "நாளைக்கு" என்கிற பொய்.

ஒலிபெருக்கி உயரம் சொன்னது, அகலம் சொன்னது.
கை தானாகப் பேனாவை எடுத்தது.
நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம்
ஒன்பதாயிரம் லிட்டரால் வகுத்தேன்.
உருகினால் பத்தில் ஒரு பங்கு குறையும், கழித்தேன்.
சைபர்கள் தாளைத் தாண்டிப் போயின.
ஓட்டேரிக்கு எத்தனை வருஷம்,
பட்டாளத்துக்கு எத்தனை,
காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து
எழுந்திருக்க மாட்டேன் என்ற
அந்த நிறைமாதக்காரியின் சந்துக்கு எத்தனை

என்றபோது இடி.

தலை தூக்கினேன்.
தண்ணீர் மட்டும் கலங்கிக்கொண்டிருந்தது.
சுற்றிலும் கைதட்டல்.
என் முழங்கையைப் பிடித்திருந்தாள்,
முகமெல்லாம் ஈரம்.
"பாத்தீங்களா?"
"பார்த்தேன்."

ஒன்பது மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
கல்யாணப் பந்திகளில்,
நடைப்பயிற்சிக் கூட்டாளிகளிடம்,
சிலிண்டர் மாட்ட வந்த பையனிடம்கூட.
முதலில் ஒரு விரிசல் என்பேன்.
அப்புறம் ஒன்றுமே இல்லை, ஒரு நிமிஷம் என்பேன்.
அப்புறம் கோபுரம் அப்படியே உட்கார்ந்ததுபோல என்பேன்.
அவள் குறுக்கே பேசியதில்லை.
ஒரே ஒருமுறை,
காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகையில்,
"உக்காரல. சாஞ்சுது" என்றாள்.
அன்றிலிருந்து சாய்கிறது.

இப்போது ஃப்ரீசரின் பின்சுவரில்
டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.
"ஷ்" என்கிறாள்.
மூட்டு முனக அவள் பக்கத்தில் உட்காருகிறேன்.
என் சட்டைப்பையிலிருந்து
பேனாவை உருவி
தன் கொண்டையில் செருகிக்கொள்கிறாள்.
எப்போதிருந்து தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வருகிறது,
அந்த பீப் பீப்.
நான் திரும்பவில்லை.

மேல்விளிம்பில் முதலில் ஒரு கோடு.
பிறகு ஒன்றுமே இல்லை, ரொம்ப நேரம்.
பிறகு அந்த வெள்ளைப் பாளம்
பட்டாணிப் பாக்கெட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு
எங்களைப் பார்த்து

ஆமாம்,
சாய்கிறதுதான்.