கால் திருகு

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு,
பிறகு இரவு விளக்கணைக்கும் முன்.
வேளைக்குக் கால் திருகு.
நாலு கால் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.
மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயர் இல்லை,
பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்று இருந்தது.

நொறுங்கிப்போன ஐந்து சென்டிமீட்டரை
எடுத்துக் கொட்டிவிட்டு
மேலேயிருந்த நல்ல எலும்பை
அவர்களே இன்னொரு முறை உடைத்தார்கள்.
உடைத்த இடத்தைத் தினமும் கொஞ்சம் விலக்கினால்
விலகிய இடைவெளியில் எலும்பு ஊறுமாம்.
ஊறுவதற்கு அதென்ன கிணறா என்றேன்.
யூரல் மலைக்கு அப்பால்
டாக்டர்கள் சிரிப்பதில்லை.
நாலு வளையம், பதினோரு கம்பி,
காலின் இந்தப் பக்கம் புகுந்து
அந்தப் பக்கம் வந்தன.

மூன்றாம் மாடியில் எல்லோரும் இப்படித்தான்.
சாயங்காலம் நீளநடையில்
இரும்புக் கூடை மாட்டிய கால்கள் உலாப் போகும்.
ஊன்று, ஊன்று, படுத்தால் ஊறாது
என்று விரட்டுவாள் செவிலி க்ளாஷா.
கஜக் எல்லையிலிருந்து வந்த சௌலே
என் காற்சட்டையின் ஒரு பக்கத்தை நெடுகக் கிழித்து
பதினாலு பொத்தான் வைத்துத் தைத்துத் தந்தாள்.
ஒன்றுகூட இன்னொன்றுக்கு ஜோடியில்லை.

எனக்கு முதலில் ஊறியது கோபம்தான்.

மோட்டார்சைக்கிளை ஓட்டியவன் யெஃபிம்.
சைடுகாரில் நான்,
மடியில் ஊறப்போட வாங்கிய முட்டைக்கோஸ் மூட்டை.
அக்டோபரின் முதல் பனி, மரம் ஏற்றிய லாரி.
எனக்கு ஐந்து சென்டிமீட்டர் போனது.
அவனுக்கு ஒரு கையுறை.

ஞாயிறுதோறும் நூற்றிருபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து
முகத்தை மட்டும் பார்ப்பான்.
இடுப்புக்குக் கீழே அவன் கண் இறங்கியதே இல்லை.
காளான் வைத்துச் சுட்ட ரொட்டி,
ஒழுகும் கூரை மூலையைப் பற்றிப் பேச்சு,
மணி பன்னிரண்டானால் ஜன்னலுக்குப் போய்விடுவான்.
நானே குனிந்து, நானே எண்ணி,
நானே திருகினேன்.
ஒருநாள் ஆத்திரத்தில் அரைத்திருகு திருகிவிட்டேன்.
அன்றிரவு கால்விரல் ஐந்தும்
தனித்தனியாக விழித்திருந்தன.

நாற்பத்தொன்றாம் நாள்,
புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிறு.
ஒரு கம்பித் துளை சீழ் கட்டி எனக்குக் காய்ச்சல்,
ஸ்பேனர் நட்டில் நிற்காமல் வழுக்கியது.
கொடு, என்றான்.
முதல் முறையாகக் குனிந்து பார்த்தான்,
கம்பி நுழையும் இடங்களை,
ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சை,
உரிந்த தோலை.
ரொம்ப நேரம் பார்த்தான்.
பிறகு நட்டில் ஸ்பேனரை மாட்டி
எதிர்ப்பக்கம் திருகினான்.

"அந்தப் பக்கம் இல்லை, முட்டாளே!"

வார்டு முழுக்கச் சிரித்தது,
சௌலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை,
முகம் என் முழங்காலுக்குக் கீழே இருந்தது.
எடுத்துவிட்ட காலைத் திருப்பிக் கொடுத்து
அந்த வேளைக்கான காலையும்
மூச்சடக்கித் திருகினான்.

ஜூலையில் கழற்றினார்கள்.
கம்பிகள் தட்டில் விழும்போது
சமையலறைச் சத்தம்.
உள்ளே வெளிறிய, மெலிந்த, மயிரடர்ந்த ஒரு கால்.
கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறது.
எக்ஸ்ரேயில் அந்த ஐந்து சென்டிமீட்டர் மட்டும்
இன்னும் புகை போல இருக்கிறது.
பனி விழப்போவது
வானொலிக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

மன்னித்துவிட்டாயா என்று யெஃபிம் கேட்டதில்லை.
கேட்டால்,
ஊன்றுகோலையும் சேர்த்துக்கொண்டு
முக்கால் வரை வந்திருக்கிறேன் என்பேன்.

ஸ்பேனரை ஆஸ்பத்திரி திருப்பிக் கேட்கவில்லை.
நேற்று சைடுகார் மட்கார்டில் ஒரு நட்டு ஆடியது.
அவன் மண்டியிட்டு முடுக்க,
நான் சுவரில் சாய்ந்து நின்று
இன்னும் கால், என்றேன்.
இன்னும் கால்.